பழைய ஆயில் ஹீட்டர் வாங்கலாமா? தகரக் கூரை போட்ட சின்னத் தையல் கடைக்கு

தையல்கடை மூணாறு

எல்லாருக்கும் வணக்கம். மூணாறில் மாட்டுப்பெட்டி ரோட்டோரம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டுக்குப் பத்து அடி. மேலே தகரம், கீழே சிமென்ட் தரை, முன்னால் ஷட்டர். இரண்டு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரு அயர்ன் பாக்ஸ். மீதி இடமெல்லாம் துணிதான்.

நவம்பர் கடைசியில் பிடிக்கிற குளிர் பிப்ரவரி வரை விடாது. ஜனவரியில் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடப்பதைப் பார்க்க வண்டி வண்டியாக ஆள் வருவார்கள். எங்களுக்கு அந்த நேரத்தில்தான் வேலை குவியும். கிறிஸ்துமஸ் துணி முடிகிற கையோடு பொங்கல் துணி வந்துவிடும். லயத்து (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) அக்காமார் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுச் சாயங்காலம்தான் அளவு கொடுக்க வர முடியும். அதனால் இருட்டிய பிறகும் கடை திறந்திருக்க வேண்டும்.

மெஷினைக்கூட எப்படியோ மிதித்துவிடலாம். கொக்கி கட்டுவதும் ஹெம்மிங்கும்தான் முடியவில்லை. விரல் விறைத்துப் போனால் ஊசி கையில் இருப்பதே தெரியாது. குத்தி, துணியில் ரத்தம் பட்ட பிறகுதான் தெரியும். சின்னப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் கவுன் முக்கால்வாசி வெள்ளை. அதில் ஒரு சொட்டு விழுந்தால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். அளவு எடுக்கும்போது என் கை கழுத்தில் பட்டாலே பிள்ளைகள் உடம்பைச் சுருக்கிக்கொள்கின்றன, அளவும் தப்பாகிவிடுகிறது.

பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் ரூமுக்கு ரூம் சூடான காற்றும் வரும் ஏசி போடுகிறார்கள். பழைய ஆயில் ஹீட்டர்களை விற்கப் போகிறார்களாம். ஒன்பது ஃபின் (தகடு), 2000 வாட் என்று ஸ்டிக்கரில் இருக்கிறது. 2500 ரூபாய் கேட்கிறார். அட்டைப்பெட்டி இல்லை, பில் இல்லை, ஒரு சக்கரம் உடைந்திருக்கிறது.

கடையில் சின்ன பிளக் இரண்டும், 15 ஆம்ப்ஸ் பிளக் ஒன்றும் உண்டு. அந்தப் பெரிய பிளக்கை யாரும் பயன்படுத்தியதில்லை. இவ்வளவு துணி இருக்கும் இடத்தில் பழைய ஹீட்டரை நம்பி வைக்கலாமா? வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? ஹீட்டர் ரூமில் இருக்கிற ஆக்ஸிஜனை இழுத்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அதைவிட ஒரு சட்டியில் கரி போட்டு வைத்துக்கொள் என்கிறார் மாமியார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூப்பாறை ஏலக்காய்

அக்கா, பழசு எதற்கு? அந்தக் காசைவிடக் குறைவாகவே புது ஃபேன் ஹீட்டர் கிடைக்கும், ஒரு வருஷம் வாரண்டியும் இருக்கும். ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கிற அறையில் நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம். போட்ட உடனே சூடு வரும். ஆயில் ஹீட்டர் சூடாவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

போடி வயர்மேன்

தங்கச்சி, நான் போடிநாயக்கனூர்க்காரன், போடிமெட்டு ஏறி உங்கள் பக்கம் நிறைய வயரிங் வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் தம்பி சொன்ன ஃபேன் ஹீட்டர். ஏலக்காய் ஸ்டோருக்கு அது சரி, தையல் கடைக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் மெஷினின் பாபின் மூடியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு அடைந்திருக்கும். கடைக் காற்றிலும் அதே பஞ்சு பறந்துகொண்டிருக்கிறது. ஃபேன் ஹீட்டர் பின்பக்கம் காற்றை உறிஞ்சிச் செந்தணலாக இருக்கும் கம்பிச் சுருள் வழியாகத் தள்ளும். பஞ்சு அங்கே போய்க் கருகும், சில நேரம் பொறியாக வெளியே வரும். சிவப்பாக எரிகிற ராட் ஹீட்டரும் ஹாலஜனும் இன்னும் மோசம், ஒரு புடவைத் தலைப்பு சரிந்து மேலே விழுந்தால் போதும். ஆயில் ஹீட்டரில் சுருள் எண்ணெய்க்குள் மூழ்கி, இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. வெளித்தகடு கை வைக்க முடியாத அளவு சூடாகும், ஆனால் செந்தணல் எங்கேயும் கிடையாது. துணிக்கடைக்கு இருப்பதில் இதுதான் உத்தமம். அப்படியும் மூன்றடி சுற்றளவில் துணி இருக்கக் கூடாது, அதன்மேல் எதையும் காயப்போடக் கூடாது.

இனி பழசை எப்படிப் பார்ப்பது. ஹோம்ஸ்டேக்காரரிடம் போனதும் முதலில் பிளக் டாப்பைக் கையில் எடுங்கள். மூன்று பின்னும் பளிச்சென்று இருக்க வேண்டும். ஒரு பின் மட்டும் நீலம் பாய்ந்தோ கறுத்தோ இருந்தால், அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகியிருந்தால், அந்த ஹீட்டர் லூசான சாக்கெட்டில் ரொம்ப நாள் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு வயரை அடிமுதல் நுனிவரை விரலால் வளைத்துக்கொண்டே வாருங்கள். விறைப்பாக, வெடிப்போடு இருந்தாலோ, நடுவில் டேப் சுற்றியிருந்தாலோ வாங்காதீர்கள். அடிப்பக்கம் ஃபின்களின் வெல்டிங் ஓரத்தில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். அந்த எண்ணெய் ஆயுளுக்கும் ஒரே தடவை அடைப்பது. குறைந்தால் ஊற்ற வழி கிடையாது, வெல்டிங் வைத்து அடைக்கிற வேலையும் செய்யக் கூடாது.

ஸ்டிக்கரில் 220-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். கல்ஃபிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சாமான் கேரளாவில் நிறையக் கைமாறும். சவூதியில் முன்பு 127 வோல்ட்டும் இருந்தது, அதற்குச் செய்த ஹீட்டரை இங்கே சொருகினால் புகைந்துவிடும். சதுரப் பின் பிளக்கோடு வந்தால் அடாப்டர் போட்டு ஓட்டாமல் நம் ஊர் 16 ஆம்ப்ஸ் டாப் மாற்ற வேண்டும்.

மல்டிமீட்டர் உள்ள ஆள் ஒருவரைக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. சுவரில் சொருகாமல், ஹீட்டரை நேராக நிற்க வைத்து, சுவிட்ச் எல்லாம் ஆன் செய்து, தெர்மோஸ்டாட்டை (சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு) கடைசிவரை திருப்பி, இரண்டு சின்னப் பின்னுக்கும் நடுவே ஓம்ஸ் பார்க்க வேண்டும். 2000 வாட்டுக்கு 26 அல்லது 27 ஓம் வரும். ஒன்பது ஃபினில் பெரும்பாலும் 800, 1200 என்று இரண்டு எலிமென்ட் (சூடாக்கும் சுருள்). 800 மட்டும் போட்டால் 66, 1200 மட்டும் போட்டால் 44. இரண்டில் ஒன்று எதுவும் காட்டவில்லை என்றால் அந்த எலிமென்ட் போய்விட்டது.

அதைவிட முக்கியம், சின்னப் பின்னுக்கும் பெரிய எர்த் பின்னுக்கும் இடையே மெகர் (கரண்ட் கசிவு இருக்கிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்ப்பது. எலிமென்ட் குழாய்க்குள் சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்ஸைடு என்ற பொடியை இறுக்கி வைத்திருப்பார்கள். அது ஈரத்தைக் குடிக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை உங்கள் ஊர் மழையில் ஹீட்டர் ஸ்டோர் ரூமில் கிடந்தால் ஈரம் ஏறாமல் இருக்காது. ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் நல்ல வெயிலில் சில நாள் வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்தும் ஏறவில்லை என்றால் எலிமென்டில் கசிவு, வேண்டாம்.

கடைசியாக, அங்கேயே அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் தகடு விரிகிற டிக் டிக் சத்தம் வரும், அது ஒன்றும் செய்யாது. தெர்மோஸ்டாட்டை மெல்லக் குறைத்தால் ஒரு இடத்தில் கிளிக் என்று ஆஃப் ஆக வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்த்தால் தானாக ஆஃப் ஆக வேண்டும். சாய்த்தும் ஆஃப் ஆகவில்லை என்றால் அதற்கான சுவிட்ச் இல்லை, கெட்டுவிட்டது, அல்லது யாரோ அதை நேரடியாக இணைத்து வைத்திருக்கிறார்கள். ஓடி முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிப் பின்னைத் தொடுங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் பிளக்கிலோ சாக்கெட்டிலோ பிடிப்பு இல்லை.

ஹீட்டர் சரியாகவே இருக்கட்டும், உங்கள் கடை வயரிங் அதைத் தாங்குமா என்பதுதான் எனக்குக் கவலை. 2000 வாட் என்றால் எட்டே முக்கால் ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக்கின் வரம்பு 6 ஆம்பியர். கன்வெர்டர் போட்டுச் சின்ன பிளக்கில் சொருகுவதும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவதும் செய்யவே கூடாது. ஹீட்டர் தீ பிடித்தது என்று சொல்கிற இடத்தில் போய்ப் பார்த்தால், பாதிக்கு மேல் எரிந்திருப்பது இந்த பாக்ஸ்தான். பெரிய பிளக்குக்கு டிபி பாக்ஸிலிருந்து (கடைக்குள் கரண்ட் பிரியும் பெட்டி) தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் வந்திருக்கிறதா, 16 ஆம்ப்ஸ் எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) தனியாக இருக்கிறதா, எர்த் உண்மையிலேயே இருக்கிறதா? அயர்ன் பாக்ஸ் எங்கே சொருகுகிறீர்கள்? இதற்குப் பதில் சொல்லுங்கள், மேலே பேசலாம்.

குண்டளை பெரியவர்

அம்மா, மாமியார் சொன்னாலும் கரிச்சட்டி மட்டும் வைக்காதே. நாங்கள் லயத்தில் வளர்ந்த காலத்தில் கணப்பு போட்டுச் சுற்றி உட்காருவோம், ஆனால் அது ஓட்டுக் கூரையும் சந்தும் பொந்துமாக இருந்த வீடு, புகை போக வழி இருந்தது. இப்போது எல்லாரும் ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் துணி செருகி, உள்ளே கரியை வைத்துக்கொள்கிறார்கள். கனிந்த கரியில் புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்ஸைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், அதுவும் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிப்போடு. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் ஒரு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காமல் போனவர்கள் மலை ஊர்களில் உண்டு. உன் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பாய் வேறு.

கரண்ட் ஹீட்டர் எதையும் எரிப்பதில்லை, ஆகவே ஆக்ஸிஜனையும் இழுக்காது. காற்று வறண்டுபோகும் என்பது மட்டும் உண்மை. குளிர்ந்த காற்றைச் சூடாக்கினால் அதே ஈரம்தான் இருக்கும், ஆனால் காற்று இன்னும் அதிகம் கேட்கும். தொண்டை காய்ந்தால் மூலையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வை. ஹீட்டர்மேல் வைக்காதே, கொட்டினால் வினை.

இன்னொன்று. நான் எஸ்டேட் ஃபாக்டரி மெயின்டனன்ஸில் இருந்தவன், கணக்கு போடாமல் விடமாட்டேன். உன் கடைக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 18, 19 கிலோ. அதைப் பத்து டிகிரி சூடாக்க ஆயிரம் வாட் ஹீட்டருக்கு மூன்று நிமிடம்தான் ஆகும். அப்படியானால் ஏன் மணிக்கணக்கில் போட்டும் குளிர்கிறது? மேலே தகரம். எண்பது சதுர அடி வெறும் தகரம், உள்ளுக்கும் வெளிக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஐந்நூறு வாட்டை விழுங்கிக்கொண்டே இருக்கும். ஷட்டர் இன்னொரு தகரம். நீ பாதி ஆகாயத்தைத்தான் சூடாக்குவாய்.

அதனால் ஹீட்டருக்கு முன்னால் கூரையைப் பார். தகரத்துக்குக் கீழே அரையடி விட்டு ஜிப்சம் போர்டோ சிமென்ட் ஃபைபர் போர்டோ அடித்தால் அந்த இடைவெளிக் காற்றே போர்வை மாதிரி நிற்கும். மலிவு என்று தெர்மோகோல் ஒட்டிவிடாதே, சூட்டில் இளகும், பிடித்தால் கரும்புகையோடு உருகிச் சொட்டும். காலுக்குக் கீழே சிமென்ட் தரைமேல் மரப்பலகை போடு. மெஷின் மிதிப்பவளுக்குப் பாதி குளிர் பாதத்தின் வழியாகத்தான் ஏறும்.

தையல்கடை மூணாறு

ஐயா, அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. உங்கள் பதிவுகளை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கரிச்சட்டிப் பேச்சு அதோடு நின்றது.

அண்ணே கேட்டதற்குப் பதில். அயர்ன் பாக்ஸ் 1000 வாட், கட்டிங் டேபிள் பக்கத்துச் சின்ன பிளக்கில் சொருகுகிறேன். மெஷின் மோட்டாரும் லைட்டும் அதே போர்டுதான். பெரிய பிளக் பின்சுவரில் இருக்கிறது. டிபி பாக்ஸில் மூன்று எம்சிபி இருக்கிறது, எது எதற்கு என்று எழுதவில்லை. பெரிய பிளக்கின் எம்சிபியில் சி16 என்று போட்டிருக்கிறது. டெஸ்ட் பட்டனோடு அகலமாக இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தானே இங்கே எல்லாரும் ஈஎல்சிபி என்கிறார்கள்? எர்த் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கிறது.

சாயங்காலம் ஆனால் லைட் மங்கிவிடும், வோல்டேஜ் குறைகிறது. அதனால் ஹீட்டருக்குக் கெடுதல் உண்டா?

போடி வயர்மேன்

மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகாது. எத்தனையோ கடையில் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. உள்ளூர் வயர்மேனை வரவழைத்து மெயினை ஆஃப் செய்து சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை வயர் வந்திருக்க வேண்டும், அது வெளியே எர்த் குழி வரை போக வேண்டும். ஆயில் ஹீட்டரின் உடம்பு முழுக்க இரும்பு, எர்த் இல்லாமல் அதைத் தொடுவது ஆபத்து. டெஸ்ட் பட்டன் உள்ளது ஈஎல்சிபியேதான், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிப்பது அதுதான். அதில் 30 மில்லிஆம்ப்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள், பட்டனை அமுக்கினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றிய பிறகுதான் ஹீட்டர்.

அயர்ன் பாக்ஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நாலே கால் ஆம்பியர்தான் எடுக்கும். பெரிய பிளக் ஹீட்டருக்கு மட்டும்.

வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டருக்கு ஒன்றும் ஆகாது, சூடுதான் குறையும். அதுவும் நினைப்பதைவிட அதிகமாகக் குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் 2000 வாட் ஹீட்டர் 1200 வாட் அளவுக்குத்தான் சுடும். ஸ்டெபிலைசர் எல்லாம் வாங்கவேண்டாம்.

பில் விஷயம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 800இல் வைத்து எட்டு மணி நேரம் ஓட்டினால் அதிகபட்சம் ஆறரை யூனிட், 1200இல் ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேல். தெர்மோஸ்டாட் விட்டு விட்டு ஓட்டினால் குறையும் என்பார்கள். தகரம் அப்படியே இருந்தால் அறை சூடே பிடிக்காது, தெர்மோஸ்டாட் நிற்கவே நிற்காது. ஆகவே பெரியவர் சொன்ன போர்டு வேலையைச் செய்துவிடுங்கள், காசு அங்கேதான் மிச்சமாகும். உங்களுடையது கடை இணைப்பு, வீட்டு ரேட்டை வைத்துக் கணக்கு போடாதீர்கள். அதில் ஃபிக்ஸட் சார்ஜே கனெக்டட் லோடை (கடையில் உள்ள எல்லாச் சாமானின் மொத்த வாட்) பொறுத்தது. ஹீட்டர் வைத்தால் லோடு கூடுகிறது, கரண்ட் ஆபீஸில் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.

பூப்பாறை ஏலக்காய்

அண்ணே சொன்ன பஞ்சு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா, ஆயில் ஹீட்டரே எடுங்கள். ஜீப்பில் ஏற்றும்போது படுக்கப் போடாதீர்கள். அப்படியே படுத்து வந்தாலும், நிமிர்த்தி வைத்து எண்ணெய் கீழே இறங்க நேரம் கொடுத்துவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும் என்று ஊட்டியில் ஒரு லாட்ஜ்காரர் சொன்னார்.

போடி வயர்மேன்

சரியாகச் சொன்னார். எலிமென்ட் எண்ணெய்க்கு வெளியே இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் அந்த இடம் மட்டும் கன்னாபின்னாவென்று சுட்டு எரிந்துபோகும். ஒரு மணி நேரமாவது நிற்கட்டும்.

தையல்கடை மூணாறு

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று ஹீட்டர் இருந்தது. நான் முதலில் பார்த்து வைத்திருந்ததன் பிளக்கில் ஒரு பின் கறுப்பு, அண்ணே சொன்னபடி ஓரமும் உருகியிருந்தது. அதை ஓரம்கட்டினேன். இரண்டாவதின் அடியைப் பழைய வெள்ளை லைனிங் துண்டால் துடைத்தேன், மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டியது. மூன்றாவதுதான் தேறியது. பெயின்ட் உரிந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஆனால் நான்கு சக்கரமும் உண்டு, வயர் நன்றாக மடங்குகிறது. கூட வந்த வயர்மேன் மீட்டர் வைத்தார், 800இல் 66, இரண்டும் போட்டால் 27. மெகரில் முதலில் குறைவாகத்தான் காட்டியது. வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு பார்த்தபோது நன்றாக ஏறிவிட்டது. சாய்த்தால் ஆஃப் ஆகிறது. பெயின்ட்டைக் காட்டிப் பேசி 1800க்கு முடித்தேன்.

கடை சாக்கெட்டைக் கழற்றியபோது பச்சை வயர் உள்ளேயே சுருட்டி வைத்திருந்தது, ஸ்க்ரூவில் மாட்டவே இல்லை. இப்போது மாட்டி, எர்த் குழி வரை பார்த்துக் கொடுத்திருக்கிறார். ஈஎல்சிபி பட்டன் அமுக்கினால் விழுகிறது.

ஜிப்சம் போர்டுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன், கிறிஸ்துமஸ் முடிந்துதான் வருவார். அதுவரை காலுக்குப் பலகை போட்டாகிவிட்டது. ஹீட்டரைக் கட்டிங் டேபிளுக்கும் மெஷினுக்கும் நடுவே, துணி அலமாரிக்கு எதிர்ச் சுவரில் வைத்து 1200இல் ஓட்டுகிறேன். சூடு ஏற நேரம் எடுக்கிறது, ஆனால் ஏறிய பிறகு கை மடங்குகிறது. இன்றைக்குக் கொக்கி வேலை முழுக்க நானே செய்தேன், அளவு கொடுக்க வந்த பிள்ளை ஒன்று ஹீட்டர் பக்கத்திலிருந்து நகரவே மாட்டேன் என்றது.

ஒரு சந்தேகம் மட்டும். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது குறைத்து வைத்துவிட்டு ஷட்டரைச் சாத்திப் போகலாமா? திரும்பி வரும்போது மறுபடி குளிர்ந்துபோகிறது.

போடி வயர்மேன்

கூடாது தங்கச்சி. ஆள் இல்லாத கடையில் அது ஓடவே வேண்டாம். சுவிட்சை ஆஃப் செய்து பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போங்கள். எண்ணெயில் இருக்கும் சூடு உடனே போகாது, சீக்கிரம் சாப்பிட்டு வந்தால் அறை இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாகவே இருக்கும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றால் ஹீட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைக் குறுக்கே போட்டு வையுங்கள், தகட்டில் கை பட்டால் தோல் பொத்துவிடும். அப்புறம், சீசன் முடிந்து மார்ச்சில் எடுத்து வைக்கும்போது ஃபின்களுக்கு நடுவே இருக்கிற பஞ்சை பிரஷ்ஷால் தட்டி எடுத்து, பிளாஸ்டிக் கவர் போட்டு, தரையில் வைக்காமல் பலகைமேல் நிற்க வையுங்கள். அடுத்த நவம்பரில் போடும் முன் மறுபடி ஒரு தடவை மெகர் பார்க்கச் சொல்லுங்கள், சாக்கெட் ஸ்க்ரூவையும் இறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.